வரைபடம் ரயேன் கையில்

ரயேன் வீட்டில் பதினொன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைக்கும் பரிசு ஒரு முதுகுப்பை. அதுவும் புதுப்பை இல்லை. அண்ணன் எலியாஸ் சுமந்து, ஒரு வார் அறுந்து, அம்மா தடித்த நூலால் தைத்துக்கொடுத்த பச்சைப் பை.

அந்தப் பையோடு வரும் கோடையில் அப்பாவுடன் மலையைத் தாண்டி நடக்க வேண்டும். நான்கு நாள் நடை. ஊருக்குப் பின்னால் இருக்கும் காட்டுக்குள் ஏறி, கணவாயைக் கடந்து, மறுபக்கப் பள்ளத்தாக்கில் இறங்கினால் ஒரு மரப்பாலம் வரும். அங்கே சாலை. அங்கே அம்மா காரோடு காத்திருப்பாள். அப்பா பதினொரு வயதில் தன் அப்பாவோடு இப்படி நடந்தார். எலியாஸ் மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தான். அங்கே ஜனவரிதான் நடுக்கோடை; இந்த ஜனவரியில் ரயேனின் முறை.

முதல் இரண்டு நாளும் அப்பா வழி காட்டுவார். மூன்றாம் நாள் காலையில் வரைபடம் பிள்ளையின் கைக்கு வந்துவிடும். எங்கே திரும்புவது, எங்கே நிற்பது, எங்கே கூடாரம் போடுவது எல்லாம் அதற்கப்புறம் பிள்ளையின் முடிவுதான். அப்பா கேள்வி கேட்கலாம், வழி சொல்லக் கூடாது.

எலியாஸ் மூன்றாம் நாள் சாயங்காலமே ஆற்றைக் கடந்துவிட்டான். நான்காம் நாள் காலை பதினொரு மணிக்குப் பாலத்தில் நின்றான். இதை அவன் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். சாப்பாட்டு மேசையில் உப்பை எடுத்துக் கொடுக்கும்போதுகூடச் சொல்வான்.

ரயேன் மனசுக்குள் பத்தரை மணி என்று குறித்து வைத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா ஒஸ்வால்தோ, எல் போல்சோன் என்ற அவர்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். வருடம் முழுக்க உட்கார்ந்தே வேலை. வாய் மட்டும் ஓயாது. பேருந்தில் நாற்பது பிள்ளைகளுக்குக் கேட்கிற மாதிரிப் பேசிப் பழகியவர், காட்டில் ஒரே ஒரு பிள்ளையிடமும் அதே குரலில்தான் பேசினார். புதன்கிழமை காலையில் ஏற ஆரம்பித்தார்கள். மதியத்துக்குள் அவர் தன் பள்ளிக்கூடக் கதைகள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார். மரங்கொத்தி ஒன்று தட்டுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது.

வியாழக்கிழமை கணவாயைக் கடந்தார்கள். உச்சியில் காற்று தள்ளியது. நிழலான இடங்களில் அழுக்குப் பனி கிடந்தது. மறுபக்கம் இறங்கும் சரிவு முழுக்க உதிரிக் கற்கள். காலை வைத்தால் கல்லும் சேர்ந்து இறங்கும். ரயேனுக்கு அது பிடித்திருந்தது. குதிகாலை ஊன்றி ஊன்றி, பாதி நடந்தும் பாதி வழுக்கியும் கீழே போய் நின்று திரும்பிப் பார்த்தாள்.

அப்பா சரிவின் நடுவில் உட்கார்ந்திருந்தார். இடது கால் ஒரு பெரிய பாறையில் முட்டிக்கொண்டிருந்தது.

என்ன ஆச்சு என்று கத்தினாள். ஒன்றுமில்லை, இயற்கைக் காட்சியை ரசிக்கிறேன் என்று அவர் பதிலுக்குக் கத்தினார். பிறகு எழுந்தார். பாடிக்கொண்டே இறங்கி வந்தார்.

அப்பா பாடுவது புதுசு இல்லை. ஆனால் ஏற்றத்தில் பேச்சாக இருந்தது, இறக்கத்தில் பாட்டாக மாறியது. இறக்கம் செங்குத்தாக ஆக ஆகப் பாட்டும் சத்தமாக ஆனது. ரயேன் முன்னால் நடந்தபடியே இதைக் கவனித்தாள்.

அன்று சாயங்காலம் கூடாரம் போட்ட பிறகு அவர் தரையில் உட்காரவில்லை. விழுந்து கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்து இடது காலை நீட்டிவைத்துக்கொண்டார். கால் வலிக்கிறதா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். காட்டச் சொன்னாள். பாஸ்தா குழைந்துவிடப் போகிறது, போய்ப் பார் என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில், பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த வரைபடத்தை அப்பா இரண்டு கையாலும் நீட்டினார். முகத்தைப் பெரிய அதிகாரி மாதிரி வைத்துக்கொண்டார்.

“இனிமே நீதான். நான் வாயே திறக்க மாட்டேன்.”

“பாக்கலாம்,” என்றாள் ரயேன்.

வரைபடத்தை வாங்கும்போது அவருடைய முகத்தைத் தாண்டிப் பின்னால் பார்த்தாள். வலி மாத்திரை அட்டை ஒன்று அவர் பையின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்தது. அதில் நான்கு குழிகள் காலியாக இருந்தன. பிறகு அப்பா ஷூ லேஸ் கட்டினார். வலது காலுக்குக் குனிந்து கட்டினார். இடது காலைப் பாறைமேல் தூக்கிவைத்துக் கட்டினார்.

அவள் வரைபடத்தை விரித்தாள்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகப் போனது. அப்புறம் பாதை இரண்டாகப் பிரிந்தது. அகலமாக இருந்ததை ரயேன் எடுத்தாள். பின்னால் அப்பா சீட்டியடிக்க ஆரம்பித்தார். வழி சொல்லக் கூடாது என்றுதான் விதி, சீட்டியடிக்கக் கூடாது என்று இல்லையே. அது ரொம்பவும் வருத்தமான சீட்டியாக இருந்தது. ரயேன் காதில் வாங்காத மாதிரி நடந்தாள். கால் மணி நேரத்தில் பாதை ஒரு மூங்கில் புதருக்குள் போய் முடிந்தது. உள்ளே ஒரு பசு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அது மாட்டுப் பாதை.

பசு ரயேனைப் பார்த்தது. ரயேன் வரைபடத்தைப் பார்த்தாள். அப்பா வானத்தைப் பார்த்தார்.

“எந்தப் பக்கம் போகணும்னு கேக்கலாமா?” என்றார் மரியாதையாக.

“கேளு. ஆனா பசுகிட்ட கேளு.”

திரும்பி நடந்தார்கள். அரை மணி நேரம் வீண். கொஞ்சம் வேகமாக நடந்தால் பத்தரை மணி பத்தே முக்காலோடு நிற்கும் என்று அவள் கணக்குப் போட்டாள். இன்னும் எலியாஸை முந்தலாம். ஆனால் அப்பாவின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. இறக்கத்தில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினார். பாட்டு இப்போது சமதரையிலும் கேட்டது.

ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலு.

அன்று மேகமே இல்லை. காலையிலிருந்து காய்ந்த வெயிலில் மேலே பனி உருகி, ஆறு சாம்பல் நிறத்தில் ஓடியது. அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டது. தூரத்தில் யாரோ மேசை நாற்காலிகளை இழுத்துப்போடுவது போல இருந்தது. வரைபடத்தில் கடக்கும் இடம் தெளிவாகவே குறித்திருந்தது. ஆறு அங்கே அகன்று மூன்று கிளைகளாகப் பிரிந்திருந்தது. இரண்டு கிளைகள் முழங்கால் அளவு. நடுக்கிளைதான் ஆழம்.

ரயேன் பையை இறக்கினாள். தண்ணீர் ஓரத்தில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று கூழாங்கற்களை வைத்தாள். மாட்டு ஈக்களை விரட்டிக்கொண்டே இரண்டு பேரும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்துப் பார்த்தபோது முதல் கல்லைக் காணவில்லை. இரண்டாவது கல்லின் தலை மட்டும் தெரிந்தது.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஆனாலும் கடக்க முடியாத அளவுக்கு இன்னும் ஏறவில்லை. எலியாஸ் இதைவிடக் குறைந்த தண்ணீரில் கடந்திருப்பானா? இருக்கலாம். இதே தண்ணீரிலும் கடந்திருக்கலாம். நல்ல கால் இருக்கிற ஒருவர் கூட இருந்தால் இப்போதே இறங்கிவிடலாம்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு, தனக்கே தெரியாமல், இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இவள் பார்ப்பது தெரிந்ததும் கையை எடுத்துவிட்டு ஈயை அடிப்பதுபோல் தொடையில் தட்டினார்.

காலைக் காட்டு என்று மறுபடி கேட்டால் என்ன சொல்வார் என்று ரயேனுக்குத் தெரியும். ஒன்றுமில்லை என்பார். அதை நிரூபிக்க முதல் ஆளாகத் தண்ணீரில் இறங்குவார்.

“இன்னைக்கு இங்கயே தங்குறோம்,” என்றாள். “காலையில கடக்கலாம்.”

அப்பாவுக்கு விதி மறந்துபோயிற்று. நாளைக்கு மதியம் அம்மா பாலத்தில் காத்திருப்பாள் என்றார். கறி வாங்கி வைத்திருப்பாள், எலியாஸ் தீ மூட்டியிருப்பான் என்றார். இங்கே ஈ பிடுங்குகிறது, எதிர்க்கரையில் நல்ல புல்தரை இருக்கிறது என்றார். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் அதையும் சொன்னார்.

“எலியாஸ் சாயங்காலமே கடந்துட்டான் கண்ணு. அப்புறம் நீ வருத்தப்படுவே.”

அது ரயேனைச் சுருக்கென்று தைத்தது. பத்தரையும் போயிற்று, பதினொன்றும் போயிற்று, சனிக்கிழமையே போய்விடும் போலிருந்தது. எலியாஸ் இதை எத்தனை வருடம் சொல்லிக் காட்டுவான் என்று யோசித்துப் பார்த்தாள். அவனுக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளை பிறந்த பிறகும் சொல்வான்.

“எனக்குப் பயமா இருக்குப்பா,” என்றாள்.

அப்பா திரும்பிப் பார்த்தார்.

“தண்ணி ஏறுது. எனக்குப் பயமா இருக்கு. ராத்திரிக் குளிர்ல பனி உருகாது, நாளைக்குக் காலையில குறைஞ்சிரும். அப்பப் போலாம்.”

அப்பா, பேருந்தில் அழும் சின்னப் பிள்ளைகளிடம் பேசும் குரலில், பயப்படுவதில் தப்பே இல்லை என்றும், இதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்றும், எல்லாருக்கும் ஒரு வயதில் பயம் இருக்கும் என்றும் ஆறுதல் சொன்னார். ரயேன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டாள். பாலத்துக்கு ஞாயிறு சாயங்காலம் வரை வராவிட்டால்தான் வனக்காவலரிடம் சொல்வது என்று வீட்டில் பேசிவைத்திருந்தார்கள். அதனால் அம்மா பயந்துபோக மாட்டாள். சாப்பாட்டுப் பையைக் கொட்டிப் பார்த்தாள். அரைப் பொட்டலம் பாஸ்தா, ஒரு வெங்காயம், பால் பவுடர், ஓட்ஸ், அம்மா செய்த ராஸ்பெர்ரி ஜாம் முக்கால் பாட்டில். போதும்.

கூடாரத்தைத் தண்ணீரிலிருந்து தள்ளி, மேட்டில் போட்டாள். அப்பாவுக்குச் சாய்ந்துகொள்ள வசதியாக ஒரு மரம் இருக்கும் இடமாகப் பார்த்தாள். அவர் உடனே அதில் சாய்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார். அன்று சாயங்காலம் முழுவதும் அவர் பாடவே இல்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ரயேன் கூடாரத்திலிருந்து தலையை நீட்டினாள். கற்கள் உருளும் சத்தம் நின்றிருந்தது. போய்ப் பார்த்தாள். மூன்று கூழாங்கற்களும் ஈரம் காயாமல் வெளியே கிடந்தன. தண்ணீர் அவற்றைத் தாண்டி நான்கடி உள்ளே போயிருந்தது.

அப்பா எழுந்து வருவதற்குள் அவருடைய பையைப் பிரித்துக் கூடாரத்தையும் பாத்திரத்தையும் தன் பைக்கு மாற்றினாள். பை கனத்தது. எழுந்து நிற்க இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. அப்பா வந்து தன் பையைத் தூக்கினார். அது எதிர்பார்த்ததைவிட வேகமாக மேலே வந்ததால் தடுமாறினார். ஏன் என்று கேட்கவில்லை.

இரண்டு பேரும் காலுறையைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் ஷூவை மாட்டிக்கொண்டார்கள். பையின் இடுப்பு வாரை அவிழ்த்துவிட்டார்கள். விழுந்துவிட்டால் பையை உடனே உதறிவிட வேண்டும். ஆளுக்கு ஒரு கழி. ஒருவர் தோள் வாரை இன்னொருவர் பிடித்துக்கொண்டு, நீர் வரும் திசையைப் பார்த்தபடி, நண்டு நடை நடந்தார்கள். இந்தத் தடவை இரண்டு பேரும் நண்டு.

முதல் கிளையைச் சுலபமாகக் கடந்தார்கள். தண்ணீரின் குளிர்ச்சியில் கால் விரல்கள் மரத்துப்போயின. நடுக்கிளையில் தண்ணீர் ரயேனின் தொடை வரை வந்தது. அழுத்தியது, ஆனால் தள்ளவில்லை. ஒரு அடி. கழியை ஊன்று. இன்னொரு அடி.

பாதி தாண்டியபோது அப்பாவின் இடது கால் மடங்கியது.

அவர் கத்தவில்லை. அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு வரை நனைந்துவிட்டது. அவர் பாரம், தோள் வாரைப் பிடித்திருந்த ரயேனையும் சேர்த்து இழுத்தது. அவள் கழியை இரண்டு கற்களுக்கு நடுவில் குத்தி, உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்தாள். கனமான பை அவளைக் கீழே அழுத்திப் பிடித்தது, அது நல்லதாகப் போயிற்று.

“வலது கால், அப்பா,” என்றாள். “வலது கால ஊனு. என்னப் பிடி.”

அவர் அவள் தோளைப் பிடித்தார். ஒருமுறை முயன்றார், வழுக்கியது. மறுமுறை எழுந்துவிட்டார். மிச்சத் தூரத்தை இரண்டு பேரும் அடி அடியாக நடந்தார்கள். கரை ஏறியதும் அப்பா கூழாங்கற்களின் மேல் விழுந்து படுத்தார். பல் தந்தியடித்தது.

ரயேன் அவருக்கு உலர்ந்த சட்டையைக் கொடுத்தாள். தன் ஸ்லீப்பிங் பேக்கை எடுத்துப் போர்த்தினாள். கேஸ் அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டாள். தேநீர் போலக் குடிக்கும் மாத்தே இலையைக் குவளையில் கொட்டி, வெந்நீர் ஊற்றி, உறிஞ்சு குழலோடு அவர் கையில் வைத்தாள். அப்புறம் இடது காலின் பேண்டை மேலே சுருட்டினாள். அவர் தடுக்கவில்லை. முழங்கால், சின்னப் பூசணிக்காய் அளவுக்கு வீங்கி, நாலைந்து நிறத்தில் இருந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஆற்றைப் பார்த்தார்கள்.

அப்பா ஒரு குவளை முழுவதும் குடித்து முடித்த பிறகுதான் பேசினார். குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது.

“எப்பத்திலேருந்து தெரியும்?”

“நீ பாட ஆரம்பிச்சதிலேருந்து.”

“அப்ப நேத்து பயமா இருக்குன்னு சொன்னது தண்ணிக்கு இல்லையா?”

ரயேன் குவளையை வாங்கி மறுபடி வெந்நீர் ஊற்றினாள்.

“தண்ணிக்கும்தான்,” என்றாள்.

அன்று அவர்கள் பாலத்துக்குப் போய்ச் சேரவில்லை. போகவும் அவள் முயலவில்லை. அரை மணி நேரம் நடை, கால் மணி நேரம் ஓய்வு என்று வைத்துக்கொண்டாள். ஓடையைக் கண்ட இடத்திலெல்லாம் அப்பாவின் காலுறையை நனைத்து முழங்காலில் சுற்றினாள். வழியில் ஒரு புல்வெளியில் தங்கி, கடைசிப் பாஸ்தாவை வெங்காயத்தோடு வேகவைத்தாள். மறுநாள் காலை ஓட்ஸில் பாட்டிலில் இருந்த ஜாம் முழுவதையும் கொட்டினாள். அது கூழா இனிப்பா என்று அப்பாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு மரப்பாலம் தெரிந்தது.

அம்மா மிர்த்தா பாலத்தின் நடுவிலேயே நின்றிருந்தாள். நேற்று மதியத்திலிருந்து பாதி நேரம் அங்கேதான் நின்றாளாம். ஓடி வந்து ரயேனைக் கட்டிப்பிடித்தாள், பிறகு அப்பாவைக் கட்டிப்பிடித்தாள், பிறகு இரண்டு பேர் மீதும் வீசிய வாடையால் ஒரு அடி பின்வாங்கினாள். எலியாஸ் காரில் சாய்ந்துகொண்டு கையைக் கட்டி நின்றிருந்தான்.

“ஒரு நாள் லேட்டு,” என்றான். “உன் கறியையும் நானே சாப்பிட்டேன். என்ன, தண்ணியப் பாத்துப் பயந்துட்டியா?”

“ஆமா,” என்றாள் ரயேன். பையை இறக்கினாள். அது தரையில் விழுந்த சத்தத்தைக் கேட்டு எலியாஸ் திரும்பிப் பார்த்தான். தூக்கிப் பார்த்தான். ஒரு கையால் முடியவில்லை, இரண்டு கையும் போட்டான்.

“இதுல என்ன இருக்கு?”

“கூடாரம். பாத்திரம். அடுப்பு. அப்பாவோட துணியெல்லாம்.”

“அப்பா என்ன தூக்கிட்டு வந்தாரு?”

“என்னையே தூக்கிட்டு வர்றதே பெரும்பாடா இருந்துச்சு,” என்றார் அப்பா.

பாலத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்று, எல்லாவற்றையும் சொன்னார். கணவாய்ச் சரிவில் விழுந்தது, மறைத்தது, ஆற்றங்கரையில் அவசரப்படுத்தியது, அவள் பயம் என்று சொன்னதை நம்பி அரை மணி நேரம் ஆறுதல் சொன்னது, நடு ஆற்றில் உட்கார்ந்தது. ஆறுதல் சொன்ன இடத்தில் அவருக்கே வெட்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலத் தண்ணீரில் அப்படி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது சொல்லாமலே புரிந்துவிட்டது. ரயேனின் தலையில் கையை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை.

எலியாஸ் முழங்காலைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கார் டிக்கியில் வைத்தான். அதற்கும் இரண்டு கை வேண்டியிருந்தது.

அம்மா ஒளித்துவைத்திருந்த இரண்டு சோரிசோ சாசேஜைச் சூடாக்கி ரொட்டியில் வைத்துக் கொடுத்தாள். அப்பாவால் காலை மடக்க முடியாது, பின் சீட்டில் நீட்டிக்கொண்டுதான் வர வேண்டும் என்று சொல்லி, யார் யார் எங்கே உட்கார்வது என்று அவளே முடிவு செய்தாள்.

வீட்டுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். ரயேன் முன் சீட்டில், ஜன்னலை இறக்கிவிட்டு, ரொட்டியைக் கடித்தபடி காற்று வாங்கிக்கொண்டு வந்தாள். பின்னால் எலியாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐந்து நாள் சோப்பையே காணாத அப்பாவின் கால் அவன் மடியில் இருந்தது.